நாளைய நாற்காலி – 7: ஒயரில் ஒரு முடிச்சு

உத்தரத்திலிருந்து தொங்கும் பழைய பல்பு ஹோல்டர் ஒன்றை மெயினை அணைத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். மூடியைத் திருகி எடுத்தால், மேலிருந்து வரும் ஒயர் இரண்டாகப் பிரிந்து இரண்டு ஸ்க்ரூக்களுக்குப் போவது தெரியும். விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியன் மாட்டியதாக இருந்தால், பிரிகிற இடத்தில் அந்த இரண்டு ஒயர்களையும் பின்னிப் போட்ட ஒரு முடிச்சு இருக்கும். மூடியின் துளையைத் தாண்டி அந்த முடிச்சு வெளியே போகாது. பல்பின் எடை, ஹோல்டரின் எடை, பல்பு மாற்றும்போது நாம் இழுக்கிற இழுப்பு எல்லாம் அந்த முடிச்சோடு நின்றுவிடும்; ஸ்க்ரூவுக்குப் போகாது. முடிச்சு போடாமல் விட்டால், என்றோ ஒரு நாள் ஒயர் நழுவி, ஒன்றை ஒன்று தொட்டுத் தீப்பிடிக்கும். அதனால்தான் அமெரிக்காவில் தீக்காப்பீட்டுக்காரர்களின் பெயரிலேயே இதை அழைக்கிறார்கள்.

சென்ற வாரம் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 1956-ல் நியூயார்க்குக்கு அருகே குரோட்டன்வில்லில் தொடங்கிய மேலாளர் பள்ளியைப் பார்த்தோம். நாளைய தலைவர்களை இன்றே அடையாளம் கண்டு அனுப்பிவைக்கும் இடம் அது. பச்சைப் புல்வெளி, வகுப்பறை, பேராசிரியர்கள். ஆனால் ஒரு கம்பெனியில் அடுத்த நாற்காலிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் புல்வெளியை மிதிக்கப் போவதில்லை. ஆபரேட்டர் சூப்பர்வைசர் ஆவதும், சூப்பர்வைசர் ஃபோர்மேன் ஆவதும் மெஷின் சத்தத்துக்கு நடுவேதான் நடக்கின்றன. அந்த முதல் படியேற்றம்தான் ஒரு தொழிற்சாலையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். எந்தத் தயாரிப்பும் இல்லாமல் நடப்பதும் அதுதான்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. கோவையில் பம்ப்செட் செய்கிற ஒரு தொழிற்சாலையில் லேத்தில் ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தேன். என் கை சுத்தம் என்று பெயர். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். மாலை போட்டு, ஸ்வீட் கொடுத்து அனுப்பினோம். திங்கட்கிழமை காலை மேனேஜர் கூப்பிட்டு, “இனி இந்த லைனை நீதான் பார்த்துக்கோணும்” என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. கையில் ஒரு பேட் கொடுத்தார்கள், சட்டையின் நிறம் மாறியது.

அந்த வாரமே பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். அவனைப் பக்கத்தில் நிறுத்தி, நான் பத்து வருடமாகக் கடைகிற வேகத்தில் ஒரு ஷாஃப்டைக் கடைந்து காட்டினேன். “புரிஞ்சுதா?” என்றேன். “புரிஞ்சுதுங்கண்ணா” என்றான். அந்த ஷிப்டில் அவன் கடைந்த நாற்பது ஷாஃப்டும் பேரிங் உட்காரும் இடத்தில் அளவு குறைந்து ஸ்க்ராப் ஆயின. எல்லோர் முன்னாலும் கத்தினேன். மறுநாளும் அதே கதைதான். ‘இவனுக்குக் கை வராது’ என்று நான் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் அவன் வரவில்லை.

என்ன தவறு என்பது பல மாதம் கழித்து, என் கையையே நான் கவனித்தபோது தெரிந்தது. கடைசி வெட்டுக்கு முன்னால் நான் ஒரு நிமிடம் நிற்பேன். கூலன்ட்டைத் திறந்துவிட்டு, ஷாஃப்ட் ஆறிய பிறகுதான் மைக்ரோமீட்டரை வைப்பேன். சூடாக இருக்கும் இரும்பு சில மைக்ரான் பருத்திருக்கும். அப்போது அளந்தால் சரியாகக் காட்டும், ஆறினால் சுருங்கிவிடும். பேரிங் உட்காரும் இடத்தில் அந்தச் சில மைக்ரான்தான் எல்லாமே. இதை எனக்கு யாரோ என்றோ சொல்லியிருக்க வேண்டும். அது கைப்பழக்கமாகிவிட்டதால் சொல்லவேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பையன் நான் கடைந்ததைப் பார்த்தான். நான் நின்ற ஒரு நிமிடத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், அண்ணன் மூச்சு வாங்குகிறார் என்று நினைத்திருப்பான்.

அவனுக்குக் கை வராது என்று நான் எழுதிய தாள் இன்றும் மனதை அறுக்கிறது. அதனால்தான் டி.டபிள்யூ.ஐ. என்ற மூன்று எழுத்தைப் பற்றிப் படித்தபோது, இது எனக்காக எழுதப்பட்டதோ என்று இருந்தது.

‘ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி’ என்பதன் சுருக்கம் அது. 1940 ஜூனில் பிரான்ஸ் ஹிட்லரிடம் விழுந்தது. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. ஆனால் ஆயுதமும் கப்பலும் விமானமும் மலைபோல் தேவைப்படும் என்பது தெரிந்துவிட்டது. அந்த ஆகஸ்ட்டில் வாஷிங்டனில் இந்த அமைப்பைத் தொடங்கினார்கள். தலைமையேற்ற சானிங் டூலி எண்ணெய்க் கம்பெனியிலிருந்து வந்தவர். அவருக்குத் துணையாக வந்த வால்டர் டீட்ஸ் டெலிபோன் கருவிகள் செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் இருந்தவர். மைக் கேன், வில்லியம் கனோவர் என்று இன்னும் இருவர். ஆளெடுப்பதும் ஆளைத் தயார்செய்வதும் எவ்வளவு பெரிய பாடு என்பது நால்வருக்கும் அனுபவத்தில் தெரியும்.

முதலில் வந்த அவசரம் லென்ஸ். குறிபார்க்கும் கருவிகளுக்கும் பைனாகுலருக்கும் லென்ஸ் தேய்க்கத் தேர்ந்த ஆட்கள் வேண்டும், நாட்டில் இல்லை. ஒரு லென்ஸ் தேய்ப்பவர் முழுத் தேர்ச்சி பெற ஐந்து ஆண்டு ஆகும் என்றார்கள் அந்தத் தொழிலில் இருந்தவர்கள். போர் ஐந்து ஆண்டு காத்திருக்காது. கேன் போய்ப் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தார். தேர்ந்த கைவினைஞர் செய்கிற வேலைகளில் பல, அந்தத் தேர்ச்சி தேவைப்படாதவை. வேறு ஆட்களிடம் கொடுத்துவிடலாம். மீதமுள்ள நுட்பமான சிலவற்றில், எந்த இடத்தில் எது பிசகினால் லென்ஸ் கெடும் என்று தேடித்தேடிக் குறித்தார். அந்த இடங்களை வரிசைப்படுத்திச் சொல்லிக்கொடுத்தபோது ஆண்டுக்கணக்கு மாதக்கணக்காகச் சுருங்கியது.

சொல்லிக்கொடுத்த முறை புதிதல்ல. முதல் உலகப்போரில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்பட்டபோது சார்லஸ் ஆலன் என்ற தொழிற்கல்வி ஆசிரியர் நான்கு படிகளாக வகுத்த முறை அது. டூலியும் டீட்ஸும் அதை எடுத்துத் தட்டிச் சீராக்கி, பத்து மணி நேரப் பாடமாக ஆக்கினார்கள். ஐந்து அமர்வு, அமர்வுக்கு இரண்டு மணி நேரம், வகுப்புக்குப் பத்துப் பேர். அந்தப் பாடத்தின் முதல் நாளில்தான் முடிச்சு வருகிறது.

அந்த வகுப்பறையைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். சூப்பர்வைசர்கள் பத்துப் பேர், வேலை நேரத்துக்கு நடுவே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பயிற்சியாளர் ஒரு துண்டு முறுக்கு ஒயரை எடுக்கிறார். முடிச்சு தெரியாத ஒருவரை முன்னால் அழைக்கிறார். முதலில் வாயால் மட்டும் சொல்கிறார்: ஒயரை ஆறு அங்குலம் பிரி, வலது கையில் இருக்கும் ஒயரால் ஒரு வளையம் போடு, அது நடு ஒயருக்கு முன்னால் வரவேண்டும், இடது ஒயரை உன் பக்கம் இழுத்து, வலது முனைக்கு அடியில் விட்டு, நடு ஒயருக்குப் பின்னால் கொண்டுபோய், வளையத்துக்குள் நுழை. ஒன்றும் விடுபடவில்லை. சொன்னது எல்லாமே சரி. முன்னால் நிற்பவர் ஒயரைக் கையில் வாங்கித் திருதிருவென்று விழிக்கிறார்.

அவரை உட்காரச் சொல்லிவிட்டு இன்னொருவரை அழைக்கிறார். இந்த முறை வாயைத் திறப்பதில்லை. எதிரே நின்றபடி முடிச்சைப் போட்டுக் காட்டுகிறார். பார்ப்பவருக்கு இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரிகிறது, அவராலும் முடியவில்லை.

வகுப்பில் இருக்கிற பத்துப் பேருக்கும் அந்த நேரத்தில் ஒன்று உறைக்கும். சொல்வதும் காட்டுவதும் தவிர அவர்கள் தங்கள் பட்டறையில் வேறு எதுவுமே செய்ததில்லை.

மூன்றாவது ஆள் வருகிறார். பயிற்சியாளர் அவரை எதிரில் நிறுத்தாமல், தன் பக்கத்தில், இருவர் கையும் ஒரே திசையில் இருக்கும்படி உட்காரவைக்கிறார். முதல் படி, ஆளைத் தயார்செய்வது: வீட்டில் விளக்கு மாட்டியிருக்கிறீர்களா என்று பேச்சுக் கொடுத்து, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று பார்த்து, இந்த முடிச்சு எதற்கு என்று சொல்கிறார். இரண்டாவது படி, வேலையைக் காட்டுவது: ஒவ்வொரு கட்டமாக நிறுத்தி நிறுத்தி, சொல்லியபடியே. பிறகு மறுபடியும் முதலிலிருந்து, இந்த முறை ‘முன்னால் வரணும்’, ‘பின்னால் போகணும்’ என்கிற முக்கிய இடங்களை அழுத்தி. மூன்றாவது படி, அவரையே செய்யவைப்பது: முதலில் பேசாமல் செய்யட்டும், பிசகினால் அப்போதே திருத்தல், அப்புறம் அவரே வாயால் சொல்லிக்கொண்டு செய்யவேண்டும், ஏன் அப்படி என்று கேட்டால் பதில் வரவேண்டும். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நமக்குத் தெரிகிறவரை இது நடக்கும். நான்காவது, கைவிட்டுவிட்டுக் கவனிப்பது: தனியாகச் செய்யவிடு, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்கவேண்டும் என்று ஆளைக் காட்டு, அடிக்கடி போய்ப் பார், மெல்ல மெல்லப் போவதைக் குறை.

இதை ஒரு சின்ன அட்டையில் அச்சடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளக் கொடுத்தார்கள். கற்பவர் கற்கவில்லை என்றால், சொல்லிக்கொடுத்தவர் சொல்லிக்கொடுக்கவில்லை என்று பொருள் என்பது அந்த அட்டையின் சாரம். என்னைப் போல ‘கை வராது’ என்று எழுதிக் கொடுக்க அதில் இடமே இல்லை.

வகுப்பின் மீதி நாட்கள் முழுக்க அந்தப் பத்துப் பேருக்குத்தான். ஒவ்வொருவரும் தன் பட்டறையிலிருந்து உண்மையான ஒரு வேலையைக் கொண்டுவந்து, எல்லோர் முன்னிலும் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துக் காட்டவேண்டும். அதற்கு முந்தைய நாள் இரவு ஒரு தாளில் இரண்டு பத்தி பிரித்து எழுதவேண்டும். இடப்பக்கம் வேலையின் கட்டங்கள். வலப்பக்கம், ஒவ்வொரு கட்டத்திலும் எது வேலையைக் கெடுக்கும், எது கையைக் காயப்படுத்தும், எது வேலையைச் சுலபமாக்கும். இந்த மூன்றாவதை நம் ஊரில் ‘நேக்கு’ என்போம். ஜப்பானியர்கள் இந்த வலப்பக்கப் பத்திக்கு ‘க்யூஷோ’ என்று பெயர் வைத்தார்கள். உடம்பில் வர்மம் இருக்கிற இடத்துக்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தான்.

கேட்கச் சாதாரணமாக இருக்கும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஏதாவது ஒரு வேலைக்கு இந்தத் தாளை எழுதிப் பாருங்கள். தோசை ஊற்றுவதாகவும் இருக்கலாம், பேங்க்கில் செக்கைச் சரிபார்ப்பதாகவும் இருக்கலாம். இடப்பக்கம் ஐந்து நிமிடத்தில் நிரம்பிவிடும். வலப்பக்கத்துக்கு நாம் நம் கையையே வேற்று மனிதர் கையைப் போல உட்கார்ந்து பார்க்கவேண்டியிருக்கும். ஒரு தொழிலாளி சூப்பர்வைசராக மாறுகிற நேரம் எனக்குத் தெரிந்து இதுதான். பேட் கையில் வருகிறபோது அல்ல.

போர் முடிந்து 1945-ல் இந்த அமைப்பைக் கலைத்தபோது, 16,000-க்கும் மேற்பட்ட ஆலைகளில் சுமார் 17.5 லட்சம் பேர் இந்தப் பாடத்திலும், இதன் தம்பிப் பாடங்களான வேலைமுறையை மேம்படுத்துவது, ஆட்களோடு நல்லுறவு பேணுவது ஆகியவற்றிலும் சான்று பெற்றிருந்தார்கள். டூலியும் மற்றவர்களும் நேரில் கற்பித்தது இதில் ஒரு துளிதான். அவர்கள் பயிற்சியாளர்களை உருவாக்கினார்கள், அந்தப் பயிற்சியாளர்கள் சூப்பர்வைசர்களை. கையேட்டில் இருப்பதை நினைவிலிருந்து சொல்லக்கூடாது, பார்த்துத்தான் நடத்தவேண்டும் என்று கண்டிப்பு. வாய்மாறி வாய்மாறிச் சரக்கு நீர்த்துப் போய்விடக் கூடாதே.

பிறகு அமெரிக்கா இதை மறந்தது. உலகத்தின் மற்றத் தொழிற்சாலைகள் எல்லாம் இடிந்து கிடந்தன, செய்ததெல்லாம் விற்றது, ஊர் திரும்பிய சிப்பாய்கள் பழைய வேலைக்கு வந்தார்கள். சொல்லிக்கொடுக்கும் கலையைக் கட்டிக் காக்க அவசரம் எதுவும் அவர்களுக்கு இருக்கவில்லை.

ஜப்பானில் இருந்தது. அமெரிக்க ராணுவ ஆட்சியின்போது இந்தப் பாடங்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. தொழிலாளர் அமைச்சகம் அவற்றை ஏற்று நாடெங்கும் பரப்பியது. டொயோட்டாவுக்கு அது மிகக் கெட்ட காலம். 1950-ல் திவாலின் விளிம்புக்குப் போய், ஆட்களை வெளியே அனுப்பி, பெரிய வேலைநிறுத்தத்தைச் சந்தித்து, நிறுவனர் கீச்சிரோ டொயோடாவே பதவி விலகியிருந்தார். இனிப் புது ஆட்களை எடுத்துக் குவிக்க முடியாது. இருப்பவர்களைத்தான் வளர்த்தாக வேண்டும். அந்த நிலையில், 1950-களின் தொடக்கத்தில் இந்தப் பத்து மணி நேரப் பாடம் அந்தக் கம்பெனிக்குள் நுழைந்தது. நுழைந்தது வெளியே வரவில்லை. அங்கே ஐந்தாறு பேருக்கு ஒரு குழுத் தலைவர் உண்டு. கோளாறு கண்டு லைனை நிறுத்த யாராவது ‘ஆண்டன்’ என்ற கயிற்றை இழுத்தால் முதலில் ஓடிவருகிறவர் அவர்தான். அந்த இடத்துக்கு வரப்போகிறவர், தன் வேலையைத் தெரிந்தவராக இருந்தால் மட்டும் போதாது, சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவராகவும் இருக்கவேண்டும் என்பது அவர்கள் வழக்கமாகிவிட்டது.

இதற்குப் பின் நடந்ததைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திவந்த கார் ஆலை, ஓயாத சண்டையாலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத அவலத்தாலும் 1982-ல் மூடப்பட்டது. 1984-ல் அதே கட்டடத்தில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக ‘நும்மி’ என்ற பெயரில் புது ஆலையைத் தொடங்கின. பழைய தொழிலாளர்களில் பெரும்பாலோரையே, அவர்களுடைய தொழிற்சங்கத்தோடு சேர்த்துத் திரும்ப எடுத்தார்கள். அவர்களில் நூற்றுக்கணக்கானவர்களை, முக்கியமாகக் குழுத் தலைவராகப் போகிறவர்களை, ஜப்பானுக்கு அழைத்துப்போய் வாரக்கணக்கில் லைனில் நிற்கவைத்துப் பழக்கினார்கள்.

அந்தப் பயிற்சியைத் தயாரிக்க டொயோட்டா வேலைக்கு எடுத்த அமெரிக்க இளைஞர் ஜான் ஷூக். ஜப்பானியப் பாடத்தை அமெரிக்கர்களுக்கு ஏற்ப ஆங்கிலத்தில் மாற்ற அவர் திணறிக்கொண்டிருந்தபோது, சக ஊழியர் ஒருவர் உள்ளே போய்ப் பழைய கோப்பிலிருந்து ஒரு கையேட்டைக் கொண்டுவந்து வைத்தாராம். ஓரமெல்லாம் மடங்கி, மஞ்சளேறி, காப்பிக் கறை படிந்த கையேடு. ஆங்கிலத்தில். போர்க்காலத்தில் அமெரிக்கா அச்சடித்த அதே பாடம். தங்கள் தாத்தாக்கள் எழுதியதைக் கற்கத்தான் அந்த ஃப்ரீமாண்ட் தொழிலாளர்கள் கடல் தாண்டிப் போயிருந்தார்கள். திரும்பி வந்த பிறகு, வேலைக்கு வராதவர்களின் அளவு 2 சதவீதத்துக்கு வந்தது என்று ஷூக் பின்னாளில் எழுதினார். இந்தப் பாடம் ஒன்றால் மட்டும் அது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆட்களைக் குறைக்க மாட்டோம் என்ற உறுதிமொழிக்கும், கயிற்றை இழுத்து லைனை நிறுத்த அவர்களுக்குக் கிடைத்த உரிமைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் ‘கை வராது’ என்று ஒரு கம்பெனி கைகழுவிய அதே கைகள்தான் அவை.

இந்தப் பாடம் 1950-களிலேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வழியாக இந்தியாவுக்கும் வந்தது. இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற எந்த ஆலைக்குள் போனாலும் அதன் வாரிசை நீங்கள் சுவரில் பார்க்கலாம். ‘ஸ்கில் மேட்ரிக்ஸ்’ என்பார்கள். இடப்பக்கம் ஆபரேட்டர்களின் பெயர், சில இடங்களில் போட்டோவும் இருக்கும். மேலே வேலைகளின் பெயர். குறுக்கே ஒவ்வொரு கட்டத்திலும் நான்காகப் பிரித்த ஒரு வட்டம். கால் வட்டம் நிரம்பியிருந்தால் கற்றுக்கொண்டிருக்கிறார். அரை வட்டம் என்றால் பக்கத்தில் ஆள் இருந்தால் செய்வார். முக்கால் என்றால் தனியாகச் செய்வார். முழு வட்டம் என்றால் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பார்.

அந்த நான்காவது காலைப் பற்றித்தான் நான் போகிற இடமெல்லாம் கேட்கிறேன். பல ஆலைகளில் அது ஆடிட்டுக்கு முந்தைய நாள் ஸ்கெட்ச் பேனாவால் நிரம்புகிறது என்பது எனக்குத் தெரியும். அதைவிட வருத்தம் தருவது கீழே வரிசையாக இருக்கிற ட்ரெய்னிகளின் பெயர்கள். ஓராண்டோ ஈராண்டோ வைத்திருந்து அனுப்பிவிடுவதாகவே எடுக்கப்பட்டவர்கள். அவர்களுடைய வட்டங்கள் அரைக்கு மேல் நிரம்பாது. நிரப்ப யாருக்கும் எண்ணமில்லை. விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் விடிகாலை பஸ் பிடித்து வருகிற அந்தப் பிள்ளைகளுக்கு, அந்தச் சுவரில் தங்கள் பெயருக்கு நேரே அடுத்த படி என்று ஒன்று இல்லை என்பது பார்த்தாலே தெரிகிறது. நாளைய சூப்பர்வைசருக்கு ஆளில்லை என்று அதே ஆலையின் ஹெச்.ஆர். என்னிடம் கவலைப்படும்போது, அந்தச் சுவரைத்தான் காட்டத் தோன்றுகிறது.

ஒழுங்காகச் செய்கிற இடங்களும் உண்டு. ஒரகடத்தில் ஒரு ஒயரிங் ஹார்னஸ் ஆலையில் சுவரின் முன் நின்றிருந்தேன். ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே எல்லா வட்டமும் முக்கால். வேகத்தில் அவர்தான் அந்த லைனில் முதல் என்றார் சூப்பர்வைசர். டீ இடைவேளையில் அவரிடமே கேட்டேன்.

“ஏம்மா, இன்னும் ஃபுல் ஆகலை?”

“நான் ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்துட்டிருக்கேன் சார். அவ ஒரு ஷிப்ட் முழுக்க நான் இல்லாம ஓட்டணும். ரிஜெக்ட் வரக்கூடாது. அப்பத்தான் எனக்கு அந்தக் காலை அடிப்பாங்க.”

“அது என்னிக்கு?”

“இன்னிக்குத்தான் சார். நான் அந்தப் பக்கமே போகக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க.”

டீ கிளாஸைப் பிடித்தபடி அவர் பேசிக்கொண்டிருந்தார். கண் மட்டும் கண்ணாடிக்கு அப்பால், ஏழாம் நம்பர் போர்டில் குனிந்து ஒயர்களைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணின் கைமேலேயே இருந்தது.

(தொடரும்)